பாம்பெர்க் புகை பீர்: மூன்றாவது கிளாஸ் வரை பொறுக்கவும்

எக்ஸெல் ஷீட் போட்டது கணக்குப்பிள்ளைதான். கல்லூரி மெஸ்ஸில் கணக்கு பார்த்த நாளிலிருந்து அவனுக்கு அந்தப் பெயர். டிசம்பர் 27 மதியம் நியூரம்பெர்க் ஸ்டேஷனில் நாங்கள் நான்கு பேரும் சந்தித்தபோது, எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்காமல் போனை நீட்டினான். மூன்று நாள், பதினெட்டு பீர். ஒவ்வொன்றுக்கும் நிறம், மணம், கசப்பு, நுரை, மறுபடி குடிப்பாயா என்று ஐந்து கட்டம். பத்துக்கு எத்தனை என்று ஆளாளுக்கு மார்க் போட வேண்டும், சராசரியை அது தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

"டேய், பரீட்சை எழுதவா லீவு போட்டுட்டு வந்திருக்கோம்?" என்றாள் தோழி. அவள் ஹாப்ஸ் பைத்தியம், பீருக்குக் கசப்பு தருகிற பூ அது. வாய் இழுத்துக்கொள்கிற அளவுக்குக் கசந்தால்தான் அவளுக்கு அது பீர். நாலாவது ஆள் மாமா. எங்களில் முதலில் கல்யாணம் ஆனவர் என்பதால் அந்தப் பட்டம். அவருக்கு யூரிக் ஆசிட் ஏறி, பீரைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. குடிக்கமாட்டேன், ஆனால் மோந்து பார்ப்பேன் என்ற நிபந்தனையோடு வந்திருந்தார். ஷீட்டில் மாமாவுக்கு ஒரு கட்டம்தான் ஒதுக்கப்பட்டிருந்தது: மணம்.

வருடத்துக்கு ஒரு முறை, கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு, எங்காவது கூடுவது எங்கள் வழக்கம். இந்த முறை பாம்பெர்க். ஜெர்மனியில் பவேரியா மாநிலத்தின் வடக்கே, ரெக்னிட்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர். ஆற்றின் நடுவிலேயே பாலத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் பழைய நகர மன்றத்தைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பழைய நகரம் முழுவதும் 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. எங்களுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். புகை பீரை அது பிறந்த இடத்தில் குடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஜெர்மன் மொழியில் ரௌக்பியர் என்பார்கள். ரௌக் என்றால் புகை.

நியூரம்பெர்க்கிலிருந்து லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பவேரியா டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது, ஒரே சீட்டில் ஐந்து பேர் வரை நாள் முழுக்க லோக்கல் ரயில்களில் போகலாம். வேலை நாள் என்றால் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். நான்கு பேராகப் போனால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

ஸ்டேஷனுக்கு அருகிலேயே சிவப்புச் செங்கல்லில் பெரிய பழைய கட்டடம் ஒன்று நிற்கிறது. வெயர்மன் மால்ட் ஆலை, 1879-இல் தொடங்கியது. பீர் காய்ச்சுவதற்காக முளைகட்டிக் காயவைத்த தானியம்தான் மால்ட். உலகம் முழுக்கச் சின்னச் சின்ன பீர் ஆலைகளுக்கும் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கும் இங்கிருந்து மூட்டை மூட்டையாக மால்ட் போகிறது. உங்கள் ஊர் கிராஃப்ட் பீர்க் கடையில் புகை வாசனையோடு ஏதாவது குடித்திருந்தால் அந்த மூட்டை இங்கிருந்து வந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பிளாட்பாரத்தைத் தாண்டியதும் மாமா மூக்கை உயர்த்தினார். "பிஸ்கட் சுடுறாங்கய்யா" என்றார். மால்ட் வாசனைதான். முதல் மார்க்கை அங்கேயே போட்டுவிட்டார், பீர் எதுவும் வருவதற்கு முன்பே.

ஷீட்டில் முதலில் இருந்தது ஷ்லெங்கர்லா. தேவாலயத்துக்குக் கீழே, பழைய நகரத்தின் நடுவில், மரச்சட்டம் போட்ட வீடு. 1405-லேயே ஆவணத்தில் பெயர் வருகிற இடம். பழைய உரிமையாளர் ஒருவர் நடக்கும்போது கையைக் காலை வீசித் தள்ளாடுவாராம், அதற்கு உள்ளூர் பேச்சு வழக்கில் இருந்த சொல்லே கடைக்குப் பெயராகிவிட்டது என்று கதை சொல்கிறார்கள். குடித்துத் தள்ளாடினாரா, காலில் கோளாறா என்பதில் ஆளுக்கொரு கட்சி.

உள்ளே கறுத்த மர உத்தரம், தாழ்ந்த கூரை, நீள பெஞ்சுகள். இடம் இருக்கிற மேசையில் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். இங்கே மெர்ட்சன் என்கிற முதன்மை பீரை மர பீப்பாயிலிருந்து நேராக இறக்குகிறார்கள். பம்பு கிடையாது, வாயு அழுத்தம் கிடையாது, பீப்பாயின் உயரம் மட்டும்தான். பீப்பாய் தீர்ந்து புதிதாக ஒன்றுக்குக் குழாய் அடிக்கும்போது மரச்சுத்தியின் சத்தம் அறை வரைக்கும் கேட்கிறது. 5.1 சதவீதம். கரும்பழுப்பு நிறம், மேலே ஓரிரு விரல் தடிமனுக்கு நுரை.

முதல் வாய் வைத்ததும் தோழியின் முகம் போன போக்கை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். "இது பீரா, அடுப்படியா?" என்றாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. விறகு அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில் யாரோ உப்புக்கண்டம் தொங்கவிட்டதுபோல ஒரு வாசனை. அதற்குக் கீழே எங்கேயோ பீர் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு விழுங்க வேண்டும். கணக்குப்பிள்ளை மணத்துக்கு 3 போட்டான், "மறுபடி குடிப்பாயா" கட்டத்தில் "இல்லை" என்று அடித்தான்.

மாமா மட்டும் கிளாஸை வாங்கி, கையால் மூடி, ஒரு சுழற்று சுழற்றி, கையை எடுத்து மோந்தார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "முதல்ல கறி. அப்புறம் ஈர மரம். கடைசியில ரொட்டி விளிம்பு இருக்கே, கருகினது, அது" என்றார். சொன்ன பிறகு திரும்பக் குடித்துப் பார்த்தால் வரிசையாக அதேதான் வந்தது. எனக்கு அதுவரை புகை என்று ஒரே ஒரு சொல்தான் இருந்தது.

இந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் கொஞ்சம் பொறுமை வருகிறது. பார்லியை ஊறவைத்து முளைகட்டுவார்கள். முளை வளர்ந்துகொண்டே போனால் மாவுச்சத்து வீணாகிவிடும், அதனால் சரியான நேரத்தில் சூட்டில் காயவைத்து நிறுத்த வேண்டும். முன்பெல்லாம் சூடு என்றால் விறகு நெருப்புதான், அதன் புகை நேராகத் தானியத்தின் ஊடாகப் போகும். ஆகவே அன்றைக்குப் புகை வாடை இருக்கும் பீர் அதிசயமே இல்லை. நெருப்பைத் தனியாக வைத்துச் சூடான காற்றை மட்டும் அனுப்பும் உலைகள் வந்த பிறகு ஊர் உலகமெல்லாம் புகையைக் கைவிட்டது. பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லா, ஸ்பெட்சியால் என்று இரண்டு வீடுகள் மட்டும் இன்றுவரை பீச் மர விறகில் தாங்களே மால்ட் வாட்டுகிறார்கள். பீருக்குள் புகையை யாரும் ஊதவில்லை, சாயம் எசன்ஸ் எதுவும் இல்லை. பவேரியாவில் உணவகத்துக்குள் புகைபிடிக்க 2010-லிருந்து முழுத் தடை. அந்தக் கறுத்த அறையில் புகை இருந்தது கிளாஸுக்குள் மட்டும்தான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எங்கள் போனில் இருந்த கட்டங்களையும் பார்த்தார். ஒரு கிளாஸில் இதற்கு மார்க் போடக்கூடாது, மூன்று குடித்த பிறகு போடு என்றார். இது இந்த ஊரில் எல்லோரும் சொல்கிற பேச்சு, வியாபாரத் தந்திரம் என்றுதான் நினைத்தேன். கணக்குப்பிள்ளைக்கோ பெரிய சங்கடம். அன்றைக்கு இன்னும் ஐந்து பீர் மிச்சமிருந்தது, ஒரே பீரை மூன்று முறை குடித்தால் ஷீட் என்ன ஆவது?

அந்தச் சாயங்காலம் ஷீட்தான் ஜெயித்தது. வேறொரு இடத்துக்குப் போனோம், பெயர் வேண்டாம். பயணிகளுக்கென்றே மரப்பலகையில் ஐந்து சின்ன கிளாஸ், ஒவ்வொன்றிலும் 100 மில்லி. நான்கு பேருக்கு மூன்று பலகை. படம் எடுத்து, கட்டம் நிரப்பி, மாமாவிடம் ஒவ்வொன்றாக மூக்குக்கு நீட்டி, அவர் சொல்வதை எழுதி முடிப்பதற்குள் பாதி கிளாஸில் நுரையே இல்லை. நாலாவது கிளாஸில் இருந்தது கோதுமை பீரா, அதற்கு முன்னால் குடித்த புகையின் மிச்சமா என்று நாக்குக்கே தெரியவில்லை. ஐந்தாவதுக்கு நான் பக்கத்துக் கட்டத்து மார்க்கைப் பார்த்து எழுதினேன், பள்ளிக்கூடத்தில் எழுதியதைப்போலவே. பில் மட்டும் ஆளுக்கு மூன்று அரை லிட்டருக்கான தொகை வந்தது. பலகையை நான் சிபாரிசு செய்யமாட்டேன், எந்தக் கடையாக இருந்தாலும் சரி.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பனி மூட்டம். ஆறே தெரியவில்லை, பாலத்தின் சிலைகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. ஓபரே கோனிக்ஸ்ட்ராஸே என்கிற தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு பீர் வீடுகள். ஒரு பக்கம் ஸ்பெட்சியால், 1536. எதிர்ப்பக்கம் ஃபெஸ்லா, 1649. நடுவில் ஒரு சாலைதான். நாங்கள் ஸ்பெட்சியாலுக்குள் நுழைந்தோம். உள்ளூர்க்காரர்கள் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார்கள், முன்னால் அரை லிட்டர். இங்கே அரை லிட்டருக்கு சைட்லா என்று பெயர். பவேரியா என்றதும் நினைவுக்கு வரும் அந்த ஒரு லிட்டர் கூஜாவை இந்தப் பக்கம் எதிர்பார்க்க வேண்டாம். இது பவேரியாவுக்குள்ளேயே தனி அடையாளம் பேசும் பிராங்கன் பகுதி, இங்குள்ளவர்களிடம் உங்களை பவேரியாக்காரர் என்று சொல்லலாமா என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

ஸ்பெட்சியாலின் லாகரும், அதாவது குளிரில் மெல்ல முதிரவைத்த பீரும், புகை பீர்தான். ஆனால் ஷ்லெங்கர்லா வாசலில் நின்று கூப்பிட்டால், இது பக்கத்து அறையில் நின்று கூப்பிடுகிறது. செம்பு நிறம், லேசான இனிப்பு, விழுங்கிய பிறகு மெல்ல ஒரு புகை. நாங்கள் அங்கே உட்கார்ந்ததே வெளியில் குளிர் தாங்காமல்தான். முதல் கிளாஸ் முடிந்து இரண்டாவது வந்தது. இரண்டாவதில் புகை குறைந்துவிட்டதாகத் தோன்றியது. பீர் மாறவில்லை, மூக்கு பழகிவிட்டது. புகை பின்னால் நகர்ந்ததும் முன்னால் வந்தது மால்ட்தான். பிஸ்கட், கேரமல், உலர்ந்த திராட்சை மாதிரி ஏதோ. மூன்றாவது பாதியில் தோழி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "டேய், பெரியவர் சொன்னது நிஜம்டா" என்றாள். காலை பதினொன்றரைக்கு மூன்றாவது கிளாஸ் என்பதை எங்கள் வீட்டில் யாரும் படிக்காமல் இருக்க வேண்டும்.

சின்ன கிளாஸில் பத்து வகை ருசி பார்ப்பது கசப்பான பீர்களுக்கும் பழ வாசனை பீர்களுக்கும் ஒத்துவரலாம். அவை முதல் வாயிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடும். புகை பீர் முதல் வாயில் புகையை மட்டும்தான் காட்டும், மீதியைக் காட்ட அரை மணி நேரமும் ஒரு லிட்டரும் கேட்கும். நாங்கள் அதன் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு மார்க் போட்டுக்கொண்டிருந்தோம்.

சாலையைக் கடந்து ஃபெஸ்லாவுக்கும் போனோம். பீப்பாயை உருட்டிக்கொண்டு போகும் குள்ளன்தான் அவர்கள் சின்னம். இங்கே புகை கிடையாது. ஸ்வெர்க்லா என்கிற கரும்பழுப்பு பீர் நன்றாக இருந்தது, 6 சதவீதம், அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. குளிர்காலத்துக்கென்று வரும் பாம்பெர்கேட்டர் 8.5 சதவீதம். அதை மதியச் சாப்பாட்டுக்கு முன் குடிக்கலாம் என்று யோசனை சொன்னது நான். அன்றைய மதியத்தைப் பற்றிய என் ஞாபகம், மாமா என் கோட்டின் பட்டனைப் போட்டுவிட்டதோடு நின்றுவிடுகிறது.

சாயங்காலம் தெளிந்ததும் ஊரின் மறுகோடியில் உள்ள வுண்டர்பூர்க் வரைக்கும் நடந்தோம். அங்கேயும் இரண்டு வீடுகள் எதிரெதிரே, மார்ஸ் பிராய், கேஸ்மன். பக்கத்தில் தேவாலயம். மார்ஸில் கேட்க வேண்டியது "ஆ ஊ" என்பதை. நிஜமாகவே அப்படித்தான் ஆர்டர் செய்ய வேண்டும். ஆ என்றால் ஒன்று, ஊ என்பது உன்கெஷ்புண்டெட் என்ற நீளமான சொல்லின் முதல் எழுத்து, அடைப்பு போடாதது என்று அர்த்தம். பீர் முதிர்கிற காலத்தில் பீப்பாயின் வாயை இறுக்கி அடைக்காமல் விடுவதால் வாயு வெளியேறிவிடும், பீரில் சுருசுருப்பு குறைவாக இருக்கும். வடிகட்டுவதும் இல்லை. கலங்கலாக, மெத்தென்று, ரொட்டி மாவு வாசனையோடு இருந்தது. மூன்று நாளில் நான் குடித்த புகையில்லாத பீரில் இதுதான் முதலிடம். கணக்குப்பிள்ளை சர்வரைப் பார்த்து "ஆ... ஊ..." என்று இழுத்த விதத்தில் அவர் அடிபட்டுவிட்டது என்றுகூட நினைத்திருக்கலாம். ஆனால் எந்த முகபாவமும் இல்லாமல் கொண்டுவந்து வைத்தார். தினமும் பார்க்கிற கூத்து போல.

எதிரே கேஸ்மனின் பில்ஸ், கசப்பு தூக்கலான வெளிர் லாகர், தோழியை மீட்டுக்கொடுத்தது. சுத்தமான, உலர்ந்த கசப்பு. இரண்டு நாளாகப் புகைக்குள் இருந்த நாக்கை யாரோ கழுவிவிட்ட மாதிரி இருந்தது. 1867-இல் தொடங்கியதால் இந்த ஊரில் இது சின்னப் பிள்ளை.

சாப்பாட்டைப் பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. பன்றித் தோள்பட்டைக் கறி, ஷொய்ஃபர்லா என்பார்கள், தோல் மொறுமொறுவென்று எலும்போடு வரும். வெங்காயத்துக்குள் கறி அடைத்துப் புகை பீர் சாற்றில் செய்யும் பாம்பெர்க் வெங்காயம் உண்டு. கறி சாப்பிடாதவர்களுக்கு மெனு சுருங்கிவிடும், கெருப்ஃப்டர் என்கிற மிளகாய்ப்பொடி கலந்த சீஸ் பிசையலையும் ரொட்டியையும் கேளுங்கள், அது பீருக்குப் பிரமாதம். மாமா மூன்று நாளும் ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த ஷோர்லே குடித்தார், எங்கேயும் யாரும் ஒரு மாதிரி பார்க்கவில்லை.

இரண்டு விஷயத்தில் மாட்டிக்கொண்டோம். ஓர் இடத்தில் காலியாக இருந்த பெரிய மேசையில் போய் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு பித்தளைப் பலகை இருந்தது, படிக்கவில்லை. ஷ்டம்டிஷ், அதாவது வாடிக்கைக்காரர்களுக்கென்று காலங்காலமாக ஒதுக்கி வைத்த மேசை. ஐந்து நிமிடத்தில் ஆறு பேர் வந்து சுற்றி நின்றார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை, நின்றார்கள், அவ்வளவுதான். கிளாஸைத் தூக்கிக்கொண்டு மூலைக்கு ஓடினோம். இன்னொரு இடத்தில் கார்டு வாங்கமாட்டோம் என்று கடைசியில் சொன்னார்கள். அட்டையில் போட்ட கோடுகளை எண்ணித் தொகை சொன்ன பிறகு, நான்கு பேர் பையிலும் தேடி, சில்லறையாகப் பொறுக்கி, ஒரு யூரோ குறைந்து, அதைக் கொடுத்தது அந்த ஆறு பேரைப்போலவே முகம் வைத்திருந்த ஒரு பாட்டி. ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் குடித்த இடங்களில் சைட்லா நான்கு யூரோவைச் சுற்றித்தான் இருந்தது, ஆளுக்கு நாளொன்றுக்கு முப்பது யூரோ பணமாக இருந்தால் பீருக்கும் கடிப்பதற்கும் போதும்.

விலை என்றதும் ஒரு கதை. 1907-இல் இந்த ஊர் ஆலைகள் எல்லாம் சேர்ந்து பீர் விலையை ஒரு ஃபெனிக் ஏற்றினார்களாம். காசிலேயே சின்னக் காசு அது. ஊரே குடிப்பதை நிறுத்திவிட்டது. வெளியூர் பீரை வரவழைத்துக் குடித்தார்கள், ஆலைகள் பணிந்து பழைய விலைக்கே வந்தன. பீர் யுத்தம் என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். மால்ட், ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் சேர்க்கக்கூடாது என்று பவேரியா 1516-இல் போட்ட சட்டம் உலகப் பிரசித்தம். பாம்பெர்க் ஆயர் அதையே 1489-இல் போட்டுவிட்டார் என்பதையும் அதே மூச்சில் சொல்வார்கள். அப்போது இந்த ஊர் பவேரியாவில் இல்லை.

கடைசி ராத்திரி வெளியே போகவில்லை. கால் வலி, மைனஸ் நான்கு டிகிரி. பானக் கடையில் ஷ்லெங்கர்லா பாட்டில்கள் வாங்கி வந்து வாடகை வீட்டின் சமையல் மேசையில் வைத்தோம். உர்பொக் 6.5 சதவீதம், இலையுதிர் காலத்திலிருந்து கிடைப்பது, நிலவறையில் மாதக்கணக்கில் முதிர்ந்தது. ஐஹே 8 சதவீதம், கிறிஸ்துமஸுக்கென்று வருவது. ஐஹே என்றால் ஓக் மரம். இதற்கு மட்டும் பீச் மரத்தை விட்டுவிட்டு ஓக் விறகில் மால்ட் வாட்டுகிறார்கள். அப்புறம் ஹெல்லெஸ் என்கிற வெளிர் லாகர்.

நான் ஷீட்டுக்கு வெளியே ஒரு விளையாட்டு வைத்தேன். மாமாவின் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு மூன்றையும் முன்னால் வைத்தோம். உர்பொக்கை உடனே சொல்லிவிட்டார், "இது பெரியவர் கடையோட அண்ணன்". ஐஹேயை எடுத்து நீண்ட நேரம் வைத்திருந்தார். கறி இல்லை, காரம் இல்லை, வெந்த கஷ்கொட்டை, வெண்ணிலா, கொஞ்சம் பழைய அலமாரி என்றார். விறகு மாறியதை மூக்கிலேயே பிடித்துவிட்டார். மூன்றாவதை மோந்துவிட்டு, "இதுலயும் புகை இருக்கு, ஆனா யாரோ பக்கத்து வீட்டுல மூட்டினது" என்றார்.

கணக்குப்பிள்ளை சிரித்தான். ஹெல்லெஸில் புகை மால்ட்டே கிடையாது என்று லேபிளைப் படித்து வைத்திருந்தான், மாமா மாட்டிக்கொண்டார் என்று அவனுக்குச் சந்தோஷம். ஆனால் மாமா சொன்னதுதான் சரி. புகை பீர் காய்ச்சும் அதே செம்புக் கொப்பரைகளில்தான் இதையும் காய்ச்சுகிறார்கள், ஈஸ்ட்டும் புகை பீரில் வளர்ந்ததுதான். அதன் வழியாக ஒரு சாயல் வந்து சேர்ந்துவிடுகிறது. மூன்று நாளில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காத மனிதர் எங்கள் மூவரையும்விட நன்றாக ருசி பார்த்திருக்கிறார். நாங்கள் குடித்துக் குடித்துப் பார்த்ததை அவர் நிதானமாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

அந்த மேசையில் ஐஹேயை மூன்று பேர் மெதுவாகப் பகிர்ந்துகொண்டோம். சில்லென்று குடித்தால் ஓக் தெரியவே இல்லை, கிளாஸை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிய பிறகுதான் திறந்தது. இதைச் சொல்லவே இந்த விமர்சனம் என்றாலும் தப்பில்லை. கிடைத்தால் இரண்டு பாட்டில் வாங்குங்கள், ஒன்றைக் குடித்துவிட்டு ஒன்றை இருட்டான இடத்தில் அடுத்த குளிர்காலம் வரை வைத்திருங்கள். இந்த அளவு மதுச்சத்தும் புகையும் இருக்கிற பீர் அவ்வளவு சீக்கிரம் கெடாது. என்னுடையது இப்போது படுக்கையறை அலமாரியில் ஸ்வெட்டருக்குப் பின்னால் இருக்கிறது.

ஊருக்குக் கிளம்பும் காலை, ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஷ்லெங்கர்லாவுக்கே திரும்பப் போனோம். அதே மெர்ட்சன். முதல் நாள் அடுப்படி என்று சொன்ன தோழிதான் முதலில் கிளாஸைக் காலி செய்தாள். கணக்குப்பிள்ளை போனை எடுத்து, பழைய 3-ஐ அழித்து 8 போட்டான். அதற்குப் பக்கத்தில் "மூன்றாவது கிளாஸில்" என்று குறிப்பு. பதினெட்டில் ஒன்பதுதான் நிரம்பியிருந்தது. காலி பாட்டில்களை ஸ்டேஷன் போகும் வழியில் கடையில் கொடுத்து டெபாசிட் வாங்கினோம். மொத்தம் 64 சென்ட் வந்தது. அதையும் ஷீட்டில் வரவு வைத்தான்.

ஸ்பெட்சியாலில் அன்று செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர் வேறொரு விஷயம் சொல்லியிருந்தார். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள், இங்கே விடுமுறை. அதை ஒட்டி இந்தப் பகுதியில் ஷ்டெர்க் அன்ட்ரிங்கன் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. வருடம் முழுக்கத் தேவையான வலுவைக் குடித்து ஏற்றிக்கொள்வது. மாதத்துக்கு ஒன்று வீதம் பன்னிரண்டு சைட்லா, அதுவும் பொக் என்கிற வலுவான பீரில், என்பது முறையாம். பன்னிரண்டையும் முடித்தவரைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பார்த்திருக்கிறேன், ஆனால் அவருக்கு பிப்ரவரி வரைக்கும் வலு இல்லை என்றார்.

ஸ்பெட்சியாலில் மேல்மாடியில் தங்கும் அறைகள் இருக்கின்றன. படி இறங்கினால் பீர். அடுத்த ஜனவரி 5, 6-க்கு இரண்டு அறைகள் கேட்டு எழுதியாகிவிட்டது. மாமாவுக்கும் தோழிக்கும் சொல்லிவிட்டேன். கணக்குப்பிள்ளைக்கு டிசம்பர் கடைசியில்தான் சொல்லப் போகிறேன். இப்போதே தெரிந்தால் பன்னிரண்டு வரிசையில் புது ஷீட் போட்டுவிடுவான்.